சிவப்புக் கோட்டில் நின்றவள்

அத்தியாயம் பதினொன்று

அந்தச் சுவரில் ஒன்றும் இல்லை என்று ஜனனி ஒரு வாரமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில், அவர்களுடைய பனியன் கம்பெனியின் பழைய கட்டடத்தில், சாம்பிள் அறை பீரோவின் அடித்தட்டில் அகப்பட்டது அந்த லென்ஸ். அப்பா மாரப்பன் பனியன் தொழிலில் கால் ஊன்றிய காலத்தில் வாங்கிய ஃபிலிம் கேமராவோடு இருந்தது. கேமரா துருப்பிடித்து இறுகிவிட்டது. லென்ஸ் தப்பித்திருந்தது. கண்ணாடி வயதேறித் தேன் நிறமாகியிருந்தது, அவ்வளவுதான்.

குழந்தைத் துணி கேட்டலாக்குக்குப் படம் எடுப்பது ஜனனியின் தொழில். பழைய லென்ஸ் என்றால் அவளுக்கு உயிர். அடாப்டர் வளையம் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்துத் தன் மிரர்லெஸ் கேமராவில் அதை மாட்டினாள்.

‘லென்ஸ் இல்லை’ என்றது கேமரா. தன்னோடு பேசாத பழைய லென்ஸை அது லென்ஸாகவே மதிக்காது. மெனுவுக்குள் போய், லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு என்று அதற்கு உத்தரவு போட வேண்டும். அதன் பிறகு ஃபோகஸ் நம் கையில். லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தை மெல்லத் திருப்பினால், எது துல்லியமாக விழுகிறதோ அதன் ஓரத்தில் வியூஃபைண்டர் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். கோடு விழுந்த தூரத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அர்த்தம்.

போன ஞாயிற்றுக்கிழமை, பழைய கட்டடத்து இரண்டாம் மாடியில், வெள்ளையடித்த வெறும் சுவருக்கு முன்னால், ஆளே இல்லாத இடத்தில் கோடு விழுந்தது. தலை, தோள், இடுப்பு. ஒரு பெண்ணின் அளவு. வளையத்தை நூலளவு திருப்பினால் மறைந்தாள். திரும்பக் கொண்டுவந்தால் நின்றாள்.

எடுத்த படத்தில் சுவர் மட்டுமே இருந்தது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

&nbsp;

திருப்பூர் ராயபுரத்து வீட்டில் இந்த ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஆட்கள் குறைவு. அம்மா காங்கயத்தில் ஒரு சீருக்குப் போயிருந்தாள். அண்ணன் ரித்தீஷ் துணி வாங்கும் பையரைப் பார்க்க ஜெர்மனியில். மாரப்பனும், அண்ணி ஆஷாவும், அவள் மடியில் இரண்டரை வயது மகள் தன்ஷிகாவும்தான். ஜனனி ஒரு ஓரமாக உட்கார்ந்து கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அது எங்க கண்ணு கெடச்சுது?” என்றார் மாரப்பன்.

“நம்ம சாம்பிள் ரூம் பீரோவுலதானுங்ப்பா. டென்மார்க் பையருக்கு இந்த லுக்குத்தான் வேணுமாம். புது லென்ஸுல எடுத்தா துணி பிளாஸ்டிக்காட்டத் தெரியுதுங்கறாங்க. இதுல பாருங்க, பால் நுரையாட்ட இருக்குது.”

மாரப்பன் பிட்ட இட்லியை வாயில் வைக்கவில்லை.

“எங்க வெச்சு எடுக்கற?”

“பழைய பில்டிங் ரெண்டாம் மாடிங்ப்பா. வடக்கு ஜன்னல் வெளிச்சம் அங்கதான் நல்லாருக்குது. இன்னைக்கு லீவு, தொந்தரவும் இருக்காது. நம்ம தன்ஷிதான் மாடல்.”

“புதுப் பில்டிங்ல எடு சாமி. அங்க வேண்டாம்.”

“ஏனுங்ப்பா?”

“சொன்னாக் கேக்கோணும். அந்த லென்ஸையும் எடுத்த எடத்துல வெச்சுரு.”

தட்டில் இரண்டு இட்லி அப்படியே இருக்க, எழுந்து போய்க் கை கழுவினார்.

ஆஷா அவர் போன திசையைப் பார்த்தாள். “மாமா இப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல ஜனனி.”

உண்மைதான். அதுவும் ஆஷாவின் முன்னால் மாரப்பனின் குரல் எப்போதும் ஒரு படி இறங்கியே இருக்கும். அவள் உசிலம்பட்டிப் பக்கம். பையர்களின் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகக் கம்பெனிக்கு வந்தவள். ரித்தீஷ் அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது, சொந்தக்காரர்கள் எல்லாம் மாரப்பன் குதிக்கப்போகிறார் என்று காத்திருந்தார்கள். அவரோ பெண்ணின் ஊரைக் கேட்டார், அப்பா அம்மா பேரைக் கேட்டார், கையிலிருந்த காபியைக் குடிக்காமல் கீழே வைத்தார். பிறகு, “நாள் பாருங்க” என்று சொல்லிவிட்டார். நான்கு வருடமாகியும் அந்த ஆச்சரியம் சொந்தத்தில் அடங்கவில்லை.

“புதுப் பில்டிங்ல டியூப் லைட்டுங்க அண்ணி. படம் வெளங்காது. ரெண்டு மணி நேரத்துல முடிச்சுட்டு வந்துரலாம்” என்றாள் ஜனனி.

வெளிச்சம் ஒரு காரணம்தான். அந்தச் சுவருக்கு முன்னால் இன்னொரு முறை தனியாக நிற்க அவளுக்குத் தைரியம் இல்லை. கூட ஓர் ஆள் வேண்டும். இது இரண்டாவது காரணம்.

&nbsp;

ஞாயிற்றுக்கிழமை பனியன் கம்பெனி போலச் சத்தமில்லாத இடம் உலகத்தில் கிடையாது. மற்ற ஆறு நாளும் காதை அடைக்கும் இரைச்சல் இருந்த இடம் என்பதால், அந்த அமைதி நம்மைத் திரும்பிப் பார்க்க வைக்கும்.

கம்பெனியைப் பார்த்துக்கொள்ளும் சுப்பண்ணன் கேட்டைத் திறந்துவிட்டார்.

“பழைய பில்டிங்குங்களா அம்மிணி? ஐயன் சொல்லலீங்களே.”

“நான் சொல்றனுங்கண்ணா.”

இரண்டாம் மாடி நீளமான கூடம். ஒரு காலத்தில் கட்டிங் மேஜைகள் நிறைந்திருந்ததாம். இப்போது ஒரு மூலையில் கழிவுத் துணி மூட்டைகள், தரையில் நடந்தால் காலோடு எழும்பும் பஞ்சுத் தூசி. கூடத்தின் கடைசியில் ஓடாத கூட்ஸ் லிஃப்ட். அதன் முன்னால் இழுத்து மடக்கும் கிரில் கேட். ஜன்னல் வெளிச்சம் அந்தக் கோடி வரை போகாது.

ஜன்னலோரம் வெள்ளைத் துணி விரித்து, தன்ஷிகாவுக்கு முதல் சாம்பிளைப் போட்டுவிட்டு உட்கார வைத்தார்கள். குழந்தை சமர்த்து. மர யானை ஒன்றைக் கையில் கொடுத்ததும் அதோடு பேச ஆரம்பித்துவிட்டாள்.

ஜனனி வளையத்தைத் திருப்பினாள். உள்ளே பழைய கிரீஸ் இறுகிப்போய், தேனுக்குள் கரண்டியைச் சுற்றுவதுபோல் இருந்தது. தன்ஷிகாவின் இமைகளில் சிவப்புக் கோடு விழுந்தது. கிளிக். கன்னம், காது மடல், பின்னல் துணியின் ஒவ்வொரு இழையும் வந்தன. பின்னணி குழைந்து கரைந்தது.

“அழகு!” என்றாள் ஆஷா, திரையை எட்டிப் பார்த்து.

பயம் எதுவும் இல்லை. பத்து நிமிடம் நல்ல வேலை நடந்தது. ஜனனிக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்தது. தூசியில் வெளிச்சம் பட்டு ஏதோ கோடு விழுந்திருக்கும், அதற்குப் போய் ஒரு வாரம் தூக்கம் கெட்டதே!

“அடுத்த சைஸ் சட்டை கசங்கியிருக்கு. கீழ சுப்பண்ணன்கிட்ட ஸ்டீம் அயர்ன் இருக்கும், வாங்கிட்டு வாரேன்” என்று ஆஷா படியிறங்கினாள்.

அவளுடைய செருப்புச் சத்தம் தேய்ந்ததும் தன்ஷிகா யானையைக் கீழே வைத்தாள். தனக்குப் பக்கத்தில், வெறும் இடத்தை, தலையை நிமிர்த்திப் பார்த்தாள். நின்றுகொண்டிருக்கும் பெரியவர்களைக் குழந்தைகள் பார்க்கிற உயரத்துக்கு.

சிரித்தாள்.

ஜனனியின் விரல் தானாக வளையத்தைத் திருப்பியது. குழந்தையின் மேலிருந்த கோடு கலைந்தது. ஓர் அடி பின்னால் அது மறுபடி கூடியது.

அதே தலை. அதே தோள். இந்த முறை கைகளும் தெரிந்தன. இரண்டும் தோள் உயரத்துக்குத் தூக்கியபடி, எதையோ விரித்துப் பிடித்திருப்பதுபோல. இந்த நிலையை ஜனனி ஆயிரம் முறை பார்த்திருக்கிறாள். சட்டையின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, படம் எடுப்பவருக்குக் காட்டுகிற ஆள் இப்படித்தான் நிற்பாள்.

கீழே, ஒரு பாதத்தின் மேல் மறு பாதம் ஏறியிருந்தது.

ஜனனி கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தாள். வெள்ளைத் துணி, குழந்தை, வெயில். வேறொன்றுமில்லை. மறுபடி கண்ணை வைத்தாள். எப்படியாவது ஒரு படத்திலாவது விழாதா என்று அடுத்தடுத்து அழுத்தினாள். பிறகு கேமராவை இறக்கி, எடுத்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் காலி இடம்.

நிமிர்ந்தபோது வெள்ளைத் துணியில் யானை மட்டும் கிடந்தது.

“தன்ஷி?”

மூட்டைகளுக்குப் பின்னால் இல்லை. படிக்கட்டுப் பக்கம் இல்லை. “தன்ஷி! அத்தைகிட்ட வா சாமி!” குரல் கூடத்தில் மோதித் திரும்பியது. கண்ணில் பயம் ஏறினால் வெளிச்சமும் குறைந்துபோகும் போலிருக்கிறது. கோடியில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

ஏன் அப்படிச் செய்தாள் என்று பின்னால் எவ்வளவு யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை. கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தாள்.

பக்கத்தில் யாரும் இல்லை. வளையத்தைத் திருப்பினாள். இரண்டு மீட்டர், மூன்று, ஐந்து. தூரம் கூடக்கூடக் கோடு ஒரு நொடி தெறித்து மறைந்தது, ஆள் நடந்து போவதுபோல. அவள் அதன் பின்னாலேயே வளையத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். வளையத்தின் எண்கள் தீரும் இடத்தில் சிவப்பு நின்றது.

லிஃப்டுக்கு முன்னால். இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு.

அந்தக் கைகளுக்குள் இன்னொரு சின்ன உருவத்துக்கும் கோடு விழுந்திருந்தது.

ஜனனி கேமராவைக் கழுத்தில் விட்டுவிட்டு ஓடினாள். கிரில் கேட் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து கிடந்தது. அதற்கப்பால் லிஃப்ட் இல்லை. கறுப்புக் குழி. விளிம்பில் தன்ஷிகா நின்றிருந்தாள். குழிக்குள் பார்க்கிற ஆவலில் உடம்பு முன்னால் சாய்ந்திருந்தது. விழுந்திருக்க வேண்டிய சாய்வு. எதன் மேலோ வயிற்றைச் சாய்த்துக்கொண்டதுபோல அப்படியே நின்றாள்.

ஜனனி அவளை இடுப்போடு வாரி இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அந்த நொடியில் குழந்தையின் சட்டை முன்பக்கம், யாரோ பிடியை விட்டதுபோல், சுருக்கம் நீங்கித் தளர்ந்தது.

அப்போதுதான் தன்ஷிகா அழத் தொடங்கினாள். குழியைக் கை காட்டிக்கொண்டு அழுதாள்.

“அம்மாச்சி கீழ போச்சு… அம்மாச்சி கீழ போச்சு…”

&nbsp;

“பூட்டியிருந்துச்சுங் அம்மிணி!” சுப்பண்ணன் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நின்றார். “பழைய மோட்டாரக் கழட்ட எலக்ட்ரீஷியனுக நேத்து வந்தானுக. அவனுகதான் பூட்டாமப் போயிருக்கோணும். ஐயோ, ஐயனுக்கு நான் என்னன்னு சொல்லுவேன்!”

போனை எடுத்துக்கொண்டு கீழே ஓடினார்.

ஆஷா குழந்தையை நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தாள். ஆனால் அவள் முகத்தில் இருந்தது குழி தந்த பயம் மட்டும் இல்லை.

“என்ன சொன்னா இவ?”

“என்னமோ சொன்னா அண்ணி. விடுங்க, நல்லாருக்கா அதுவே போதும்.”

“அம்மாச்சின்னா. நான் படியேறி வரும்போதே கேட்டேன்.” ஆஷா குழந்தையின் தலையைத் தடவினாள். “உங்க வீட்டுல அம்மாயின்னுதான சொல்லுவீக? அம்மாச்சிங்கறது எங்க ஊர்ப் பேச்சு. அம்மாவோட அம்மா. இந்த வார்த்தையை நான் இவகிட்டச் சொன்னதே இல்ல ஜனனி. சொல்றதுக்கு எனக்கு ஆளு ஏது?”

ஜனனிக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஆஷாவுக்கு அம்மா இல்லை. அப்பா வீரணன் மட்டும் உசிலம்பட்டியில் இருக்கிறார். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

“எங்கம்மா பேரு ஒச்சாயி. பனியன் கம்பெனி வேலைன்னு திருப்பூருக்கு வந்தாக. அப்ப எனக்கு அஞ்சு வயசு. வந்த எடத்துல எவன்கூடவோ ஓடிப்போயிட்டான்னு ஊருக்குள்ள பேச்சு. பள்ளிக்கூடத்துல என் பேரே ஓடுகாலி மகதான்.” தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “உங்கண்ணன்கிட்ட மட்டும் சொல்லியிருக்கேன். வேற யார்கிட்டயும் வாயைத் திறந்ததில்ல.”

ஜனனி எழுந்தாள். வார்த்தையால் சொல்லக்கூடியது இல்லை அது. கேமராவை ஆஷாவின் கையில் கொடுத்து, கண்ணை எங்கே வைக்க வேண்டும், வளையத்தை எப்படித் திருப்ப வேண்டும் என்று காட்டினாள்.

“லிஃப்டுக்கு நேரா வெச்சு மெதுவாத் திருப்புங்க அண்ணி. சிவப்பாக் கோடு வந்தா நிறுத்துங்க.”

“எதுக்கு?”

“பாருங்க.”

ஆஷா குழந்தையை ஜனனியிடம் கொடுத்துவிட்டுக் கேமராவை உயர்த்தினாள். விரல் மெல்லத் திரும்பியது. நின்றது. கொஞ்சம் பின்னோக்கி வந்தது. மறுபடி நின்றது.

வியூஃபைண்டரில் கண் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றாள். நிற்கும்போது ஒரு பாதத்தைத் தூக்கி மறு பாதத்தின் மேல் வைத்துக்கொண்டாள். சமையலறையில், துணி உலர்த்தும் கம்பியருகில், எங்கே நின்றாலும் ஆஷா அப்படித்தான் நிற்பாள். நான்கு வருடமாகப் பார்த்த பழக்கம். ஜனனி அந்தப் பாதங்களையே பார்த்தாள்.

“உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டு” என்றாள் ஆஷா கடைசியில். குரல் அவளுடையதாகவே இல்லை. “பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, திருப்பூர் பஸ்ஸுக்கு நிக்கும். இப்படியே. எனக்கு ஞாபகம் இருக்கறதே அது ஒண்ணுதான்.”

பிறகு கேமராவை இறக்காமலே, “எம்மா” என்றாள்.

&nbsp;

மாரப்பன் படியேறி வந்தபோது சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. நேராகத் தன்ஷிகாவிடம் போய்க் கை, கால், தலை எல்லாம் தொட்டுப் பார்த்தார்.

“நான் வேண்டாம்னு சொன்னனல்ல கண்ணு!” என்று ஜனனியிடம் கத்தியவர், அவளுக்குப் பின்னால் ஆஷா லிஃப்டின் முன் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். கத்தல் நின்றுவிட்டது.

“எந்திரிங் கண்ணு. ஊட்டுக்குப் போலாம். சுப்பண்ணா, நாளைக்கே கொத்தனாரக் கூப்புட்டு இத அடைச்சுரு.”

“மாமா, ஒச்சாயின்னு ஒருத்தி இங்க வேலை பாத்தாளா?”

“எத்தனையோ பேரு வந்தாங்க, போனாங்க. எனக்கெங்க தெரியுது.”

“எங்கம்மா பேரு அது. கல்யாணம் பேச வந்தப்ப நீங்க கேட்டீக, நான் சொன்னேன்.”

மாரப்பன் சுப்பண்ணனைக் கீழே போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

ஜனனி கேமராவை அவர் பக்கம் நீட்டினாள். “நீங்களே பாருங்ப்பா.”

அவர் ஓர் அடி விலகினார். “எனக்கு வேண்டாம். அதுக்குள்ளாற நான் ஒருதடவ பாத்தது போதும்.”

ஆஷா நிதானமாக எழுந்து, சேலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டினாள்.

“அடைக்கறதுன்னா அடைச்சுக்கங்க மாமா. அதுக்கு முன்னால எங்கம்மா செத்த எடத்துல நான் ஒரு விளக்கு ஏத்திட்டு வந்துடறேன்.”

“செத்தான்னு யாரு கண்ணு சொன்னது?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கையை நீட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அப்பா?” என்றாள் ஜனனி.

அவர் பேசியது முழுவதும் தரையைப் பார்த்துத்தான். அது அவருடைய முதல் எக்ஸ்போர்ட் சாம்பிள். படம் எடுத்துத் தபாலில் அனுப்ப வேண்டும். கட்டிங் டேபிளில் இருந்த ஒச்சாயியைக் கூப்பிட்டுச் சட்டையை விரித்துப் பிடிக்கச் சொன்னார். கேமரா புதிது, அவருக்கு ஃபோகஸ் பிடிபடவில்லை. வளையத்தை எவ்வளவு திருப்பியும் மங்கலாகவே தெரிந்தது.

“இன்னும் ஒரு எட்டு பின்னால போன்னேன். போனா. இன்னும் ஒரு எட்டுன்னேன். கண்ண இதுக்குள்ள வெச்சுட்டு இருந்தேன் சாமி, பின்னால லிஃப்ட் கேட்டு தெறந்திருந்தது எனக்குத் தெரீல. அப்பத்தான் தெளிவாத் தெரிஞ்சா. சிரிச்சா. ஒடனே காணோம்.”

தன்ஷிகா ஜனனியின் தோளில் விரலைச் சப்பிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில வெச்சுப் பாத்தோம். பொழைச்சுக்கிட்டா. ஆனாப் பேச்சில்ல. யாரையும் தெரியாது. ஊட்டுனாத் திங்கும், உக்கார வெச்சா உக்காந்திருக்கும். கேசாயிரும்னு பயந்து, பொங்கலூர்த் தோட்டத்துக்குக் கொண்டு போயிட்டேன். மருதாள்னு ஒரு பொம்பள கூடவே இருந்து பாத்துக்கறா.” லிஃப்டுப் பக்கம் தலையைத் தூக்காமல் கையை மட்டும் காட்டினார். “உசுரு அங்க இருக்குது கண்ணு. மத்ததெல்லாம் இங்கயே விழுந்துருச்சுன்னு எனக்கு எப்பவும் ஒரு நெனப்பு. அதுக்குத்தான் இந்த மாடியில வேலைய நிறுத்திப் போட்டேன்.”

ஆஷா அவருக்கு முன்னால் வந்து நின்றாள். அடித்துவிடுவாளோ என்று ஜனனி பயந்தாள். அடித்தாலும் தடுக்கக்கூடாது என்று அதே மூச்சில் நினைத்தாள்.

“நாலு வருசமா எதுக்க உக்காந்து சோறு சாப்பிட்டீகளே மாமா.”

அவ்வளவுதான் கேட்டாள். மாரப்பன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

“என்னைக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே.”

&nbsp;

டிரைவரைக் கூப்பிடவில்லை. மாரப்பனே ஓட்டினார். ஜனனி முன்னால். கேமரா பை காலடியில் இருந்தது. அதைத் தொட அவளுக்கு மனமில்லை. பின்சீட்டில் ஆஷாவின் மடியில் தன்ஷிகா தூங்கிவிட்டாள்.

அப்பாவின் கைகளை ஜனனி பார்த்தாள். அவளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்த கைகள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன. இவரை இனி என்னவென்று கூப்பிடுவது என்று ஒரு கணம் தோன்றியது. கூப்பிடத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கார் திரும்பி வரும்போது அவர்கள் வீடு காலையில் இருந்த வீடாக இருக்காது.

கார் பல்லடத்தைத் தாண்டியது. விசைத்தறிச் சத்தம் ஓய்ந்து, இரண்டு பக்கமும் தென்னை தொடங்கியது.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க மாமா” என்றாள் ஆஷா. “அம்மா இங்க தோட்டத்துல இருந்துச்சு. அப்ப, ஓடிப்போயிட்டான்னு எங்க ஊர்ல வந்து சொன்னது யாரு? நீங்க ஆள் விட்டுச் சொல்லச் சொன்னீகளா?”

“இல்லீங் கண்ணு.”

“பின்ன?”

மாரப்பன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அன்று முதல்முறையாக நேராகப் பார்த்தார்.

“உங்கப்பனுக்கு அன்னைக்கே தந்தி குடுத்தேன். வீரணன் வந்தான். ஆஸ்பத்திரியில பக்கத்துல உக்காந்து ஒரு ராத்திரி முழுக்க அழுதான். காலையில எந்திரிச்சு, இவள இப்படி ஊருக்குக் கூட்டிட்டுப் போயி நான் என்ன பண்றது, நீங்களே வெச்சுக்கங்கன்னுட்டுப் போயிட்டான். ஊருல என்ன சொன்னான்னு நீ இன்னைக்குக் கேக்கறப்பத்தான் எனக்கே தெரியுது.”

ஜனனிக்குக் கல்யாண மண்டபம் ஞாபகம் வந்தது. சம்பந்திகள் இரண்டு பேரும் மாலையோடு பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஒருவரை ஒருவர் ஒரு முறைகூடப் பார்த்துக்கொள்ளவில்லை. கூச்ச சுபாவம் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

“பொய்” என்றாள் ஆஷா. ஆனால் குரலில் பலமில்லை. வீரணன் ஐந்து வயதிலிருந்து அவளுக்குத் தலை வாரிவிட்டவர், பழைய சோற்றில் தனக்கு நீரை வைத்துக்கொண்டு இவளுக்குச் சோற்றைப் பிழிந்து வைத்தவர். இன்னொரு கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட மனுஷன்.

அவள் போனை எடுத்தாள். ஸ்பீக்கர் போடவில்லை, ஆனாலும் அமைதியில் அந்தக் கரகரப்பான குரல் முன்சீட்டு வரை கேட்டது.

“என்ன தாயி, இந்நேரத்துல? பிள்ளை சாப்பிட்டாளா?”

மாரப்பன் தார்ச்சாலையை விட்டு ஒரு மண் தடத்தில் காரைத் திருப்பினார். வேலிக்கு அந்தப் பக்கம், தென்னைகளுக்கு நடுவே, ஓட்டுக் கூரை ஒன்று தெரிந்தது. வாசலில் நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

“அப்பா” என்றாள் ஆஷா. கண்களை அந்த நாற்காலியை விட்டு எடுக்கவில்லை. “நான் அம்மாவைப் பாக்கப் போயிக்கிட்டு இருக்கேன்.”

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. வீரணன் போனை வைக்கவில்லை.

எந்த அம்மா என்று அவர் கேட்கவும் இல்லை.